'நார்மலா, ஆபரேஷனா?' என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடுவதா?



ஒரு வீட்டில் குழந்தை பிறந்த செய்தி கிடைத்ததும் நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். ஆணா, பெண்ணா? எத்தனை கிலோ? நார்மலா, ஆபரேஷனா? மூன்றாவது கேள்விக்கு 'நார்மல்' என்று விடை வந்தால் உரத்த குரலில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறோம். 'ஆபரேஷன்' என்று வந்தால் ஒரு கணம் தயங்கி, 'பரவாயில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறதல்லவா?' என்கிறோம். அந்தப் 'பரவாயில்லை'க்குள் ஒரு குறைகூறல் ஒளிந்திருப்பதைப் பெற்றவள் அறிவாள். விடை எதுவாக இருப்பினும், நம் விசாரணை அத்துடன் நின்றுவிடுகிறது. பெற்றவளின் உடல் என்ன ஆயிற்று என்னும் நான்காவது கேள்வியை எவரும் கேட்பதில்லை.

பிள்ளைப்பேறு நிகழ்ந்த வழியை மானப் பிரச்சினையாக்கி, அப்பேறு தாயின் உடலில் விட்டுச்சென்ற காயத்தை வாய்திறந்து பேசவிடாமல் செய்யும் இவ்வழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். இவ்வழக்கம் மார்க்கத்தின் பெயரால் நடமாடுகிறது. மார்க்கத்தில் இதற்கு வேர் இல்லை.

பள்ளிப்பட்டிலும் அதன் சுற்றூர்களிலும் பெண்களுக்கான தீன் வகுப்பு நடத்துவோர் அனைவரும் ஒன்றை அறிவோம். உளூவை முறிப்பவை பற்றிய பாடம் முடிந்து மாணவிகள் கலைந்தபின், நடுவயதுத் தாய்மார்கள் சிலர் எழாமல் அமர்ந்திருப்பார்கள். 'இருமினால் கசிகிறது ஆலிமா, தொழுகை கூடுமா?' என்று ஒருவர் கேட்பார். 'ஸஜ்தாவிலிருந்து எழும்போது கீழே ஏதோ இறங்குவதுபோல் இருக்கிறது, உட்கார்ந்து தொழலாமா?' என்று மற்றொருவர் கேட்பார். நோயை நோய் என்று சொல்லக் கூசி, அதை மஸ்அலாவாக மாற்றிக் கேட்கிறார்கள். மருத்துவரிடம் காட்டினீர்களா என்றால், 'பிள்ளை பெற்றால் இப்படித்தானே?' என்று மறுமொழி வரும். பத்தாண்டு, பதினைந்தாண்டு இதைச் சுமந்திருப்பார்கள், கணவருக்குக்கூடத் தெரியாது.

தூளியைப் போன்ற தசை

இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து வால் எலும்புவரை ஒரு தசைத் தொகுதி தூளியைப் போல் விரிந்து கிடக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அந்தத் தூளியின்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. இதை இடுப்புத்தளத் தசை என்பர். சிறுநீரையும் மலத்தையும் காற்றையும் வேண்டும்வரை அடக்கிவைக்க உதவுவதும், கருப்பையைக் கீழே இறங்கவிடாமல் தாங்குவதும் இத்தசையே.

குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் இத்தசையின் உட்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக இழுபடுகிறது. உடலை அசைக்கும் மற்றத் தசைகள் பொதுவாக அவ்வளவு இழுவையைத் தாங்கா. அல்லாஹ் இதைத் தாங்கும்படி படைத்திருக்கிறான். பெரும்பாலான தாய்மார்களுக்கு மாதங்கள் செல்லச்செல்ல இது மீண்டுவிடுகிறது. சிலருக்குத் தசை தளர்ந்தே நிற்கிறது. சிலருக்கு எலும்போடு பிணைந்த இடத்திலிருந்து பிய்ந்துவிடுகிறது. அப்போதுதான் இருமும்போது கசிவும், அடியிறக்கமும், அடக்கமுடியாத காற்றும் தோன்றுகின்றன.

'எங்கள் காலத்தில் எட்டுப் பெற்றோம், யாருக்கு இதெல்லாம் வந்தது?' என்று கேட்கும் பெரியம்மாக்களுக்கு ஒரு சொல். 'அடியிறக்கம்' என்னும் தமிழ்ச்சொல்லை எந்த மருத்துவக் கல்லூரியும் உருவாக்கித் தரவில்லை. அச்சொல் உங்கள் காலத்துப் பெண்களின் வாயிலிருந்தே வந்தது. நோய் இருந்ததற்கு அந்தச் சொல்லே சாட்சி. அன்றும் வந்தது, அன்றும் மறைத்தார்கள்.

எந்த வழி என்ன செய்கிறது?

இங்கு உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும். பாதி உண்மையை எடுத்துக்கொண்டு ஒரு தரப்பு மறுதரப்பை ஏசுவதுதான் இன்றைய நிலை.

நார்வே நாட்டில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளையே பெறாத பெண்களில் 10.1 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்க்கசிவு இருந்தது. ஆபரேஷன் மூலம் மட்டுமே பெற்றவர்களில் 15.9 விழுக்காட்டினருக்கும், இயல்பான வழியில் பெற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் அது இருந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் 1,528 தாய்மார்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்று. முதல் பேற்றுக்குப்பின் 15 ஆண்டுகளில், பரிசோதனையில் கண்டறியப்பட்ட உறுப்பிறக்கம் இயல்பான பேற்றில் சுமார் 30 விழுக்காடு. ஆபரேஷனில் சுமார் 9 விழுக்காடு. ஃபோர்செப்ஸ் அல்லது வாக்குவம் போட்டு எடுத்த பேற்றில் சுமார் 45 விழுக்காடு.

இந்த எண்கள் மூன்று செய்திகளைச் சொல்கின்றன. ஒன்று, இயல்பான பேறு இடுப்புத்தளத்தை அதிகம் சோதிக்கிறது. 'சுகப்பிரசவம்' என்ற பெயரால் அந்தச் சோதனை இல்லாமற்போய்விடாது. இரண்டு, ஆபரேஷன் முழுக் கேடயம் ஆகாது. பத்து மாதச் சுமையே தசையைத் தளர்த்துகிறது. மூன்று, நம் பெண்கள் 'ஆயுதம் போட்டு எடுத்தார்கள்' என்று சொல்லும் பேறுதான், அதிலும் ஃபோர்செப்ஸ் போட்ட பேறுதான், தசையை அதிகம் காயப்படுத்துகிறது. ஆனால் குடும்பத்தின் கணக்கில் அதுவும் 'நார்மல்' என்ற தலைப்பில் சேர்ந்துவிடுகிறது. ஆதலால் மிக அதிகக் கவனிப்புத் தேவைப்படும் தாய், 'உனக்கென்ன, நார்மல்தானே' என்று முதலில் வேலைக்கு அனுப்பப்படுகிறாள்.

'அப்படியானால் எல்லோரும் ஆபரேஷனே செய்துகொள்ளலாமே?' என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆபரேஷனின் விலை அடுத்த பேறுகளில் தெரியவரும். கருப்பையின் பழைய தழும்பில் நஞ்சு வேரோடிப் பிரியாமல் நிற்பது தாயின் உயிரையே பறிக்கக்கூடிய ஆபத்து. 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், நஞ்சு கருப்பையின் வாயை மறைத்துக் கிடந்த தாய்மார்களிடையே, முதல் ஆபரேஷனில் 3 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 11 விழுக்காட்டினருக்கும், மூன்றாவதில் 40 விழுக்காட்டினருக்கும் இவ்வாறு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு பிள்ளைகளை விரும்பும் நம் குடும்பங்கள் இதைக் கணக்கில் கொள்ளவேண்டாமா? பின்னாளில் வரக்கூடிய ஒரு கசிவுக்கு அஞ்சி, தேவையற்ற ஒரு வெட்டை இன்று வாங்குவது அறிவுடைமை ஆகாது.

ஆகவே இரண்டு வழிக்கும் விலை உண்டு. எந்த விலையைக் கொடுப்பது என்பதைத் தாயின் உடல்நிலையும், குழந்தையின் நிலையும், மருத்துவரின் நேர்மையான ஆலோசனையும் முடிவு செய்யவேண்டும். மாமியாரின் கௌரவமும் மருத்துவமனையின் வசதியும் அதில் தலையிடக்கூடாது.

தவக்குலின் பெயரால் நடக்கும் தவறு

'ஈமான் உறுதியாக இருந்தால் நார்மலாகவே பிறக்கும்', 'ஆபரேஷன் என்பது தவக்குலில் வந்த குறை' என்னும் பேச்சு கைப்பேசி வழியாக நம் வீடுகளில் சுற்றுகிறது. இதைச் சொல்பவர்களிடம் கேட்கிறோம்: பிரசவ வலியில் பேரீச்ச மரத்தடிக்கு வந்த அன்னை மர்யம் (அலை) அவர்களின் ஈமானில் என்ன குறை? அவர்களுக்கே வலி வந்தது. மரணத்தை விரும்பும் அளவுக்கு வந்தது என்று அல்லாஹ்வின் வேதம் சொல்கிறது. வலியும் சிக்கலும் ஈமானை அளக்கும் கோல்கள் என்றால், அவர்களை எங்கே நிறுத்துவீர்கள்? சூரா லுக்மானும் சூரா அஹ்காஃபும் தாய் சுமந்த சிரமத்தைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுகின்றன. எவ்வழியில் பெற்றாள் என்பதைக் கொண்டு அவளுடைய உரிமையைப் பிரித்துச் சொல்லவில்லை.

பேறுகாலத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்ற நபிமொழியையும் சிலர் தவறான இடத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது உயிரிழந்தவளின் குடும்பத்துக்கு ஆறுதல். உயிரோடு இருப்பவளை மருத்துவமனைக்கு அனுப்பாமல் இருப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்று கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

ஆபரேஷன் கிட்டாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதையும் அறிவோம். குழந்தை வழியில் சிக்கி நாட்கணக்கில் வலி நீடித்தால், தலையின் அழுத்தத்தால் சதை அழுகிச் சிறுநீர்ப்பையில் புரை விழுகிறது. பின்பு இரவும் பகலும் ஓயாத கசிவு, நாற்றம், ஒதுக்கிவைப்பு. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஹாம்லின் தம்பதியர் 1974இல் ஒரு மருத்துவமனையையே இதற்கென நிறுவவேண்டியிருந்தது. தக்க நேரத்தில் செய்யப்படும் ஆபரேஷன் இக்கொடுமையைத் தடுக்கிறது. அந்த வெட்டு ஒரு நிஃமத். அதைப் பெற்றவளைக் குத்திக்காட்டுவது நன்றிகேடு.

நம் மாநிலத்து முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் கோஷாப் பெண்கள் வீட்டிலேயே மடிந்த காலத்தில், மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால் 1885இல் சென்னையில் அவர்களுக்கெனவே ஒரு மருத்துவமனை எழுந்தது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே; பெரியவர்கள் இன்றும் அதைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்பார்கள். பர்தாவைக் காத்தபடியே உயிரையும் உடலையும் காக்க வழி தேடிய காலம் அது. மகப்பேற்றுப் பிரிவு எங்கும் பெண் மருத்துவர்கள் நிறைந்திருக்கும் இக்காலத்தில், வெட்கத்தைக் காரணம் காட்டி வீட்டில் இருப்பதற்கு நமக்கு என்ன நியாயம் உண்டு?

வசதிக்காக விற்கப்படும் வெட்டு

மறுபக்கத்தையும் விட்டுவிட மாட்டோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 44.9 விழுக்காடு ஆபரேஷன் மூலம் நிகழ்ந்தவை. அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் அது 34.1 விழுக்காடு. நாடு முழுவதற்குமான அளவு 21.5 விழுக்காடுதான். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு, தனியாரில் 63.8 விழுக்காடு. சிக்கலான பேறுகள் பலவும் இறுதியில் அரசுப் பெரிய மருத்துவமனைக்கே அனுப்பப்படுகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஊர்த் தாய்மார்களின் இடுப்பெலும்பு அரசு வாசலில் ஓரளவாகவும் தனியார் வாசலில் வேறோர் அளவாகவும் மாறிவிடுமா? ஆபரேஷன் விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டி உயர்வதால் சமுதாய அளவில் தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது.

மருத்துவமனைகளை மட்டும் குறைசொல்லித் தப்பிக்கவும் இயலாது. 'வலி தாங்கமாட்டாள், அறுத்து எடுத்துவிடுங்கள்' என்று கேட்கும் குடும்பங்களும், நாள் பார்த்துத் தேதி குறிக்கும் குடும்பங்களும் உண்டு. சகுனம் பார்ப்பதை வெறுக்கும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை பிறக்கட்டும் என்று வயிற்றைக் கீறச் சொல்வது எவ்வகையில் சேரும்? உடல் நமக்கு அமானிதம். தேவைக்கு வெட்டலாம், ஆசைக்கு வெட்டலாகாது.

பேறுகால அறையில் நம் உரிமை

இயல்பான பேறு என்றால் நேர்வதையெல்லாம் சகித்துக்கொள்வது என்று பொருளில்லை. இடுப்புத்தளக் காயத்தைக் குறைக்கும் முறைகள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் அவற்றைப் பட்டியலிடுகின்றன. தாய் விரும்பும் துணை ஒருவர் உடனிருத்தல். மல்லாந்தே கிடக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், நிமிர்ந்தோ ஒருக்களித்தோ அவளுக்கு இசைந்த நிலையில் இருக்கவிடுதல். தலை வெளிவரும் தறுவாயில் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தல். எல்லாருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போடாதிருத்தல். குழந்தையை வெளியேற்ற வயிற்றின் மேற்புறத்தைக் கையால் அழுத்தாதிருத்தல்.

இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஏழாம் மாதப் பரிசோதனைக்குச் செல்லும்போதே கணவர் உடன்சென்று, 'உடன் யார் இருக்கலாம்? ஆயுதம் போடநேர்ந்தால் எங்களிடம் சொல்வீர்களா? தையல் எவ்வளவு ஆழம் என்று எழுதித் தருவீர்களா?' என்று பணிவுடன் கேட்கட்டும். பள்ளிப்பட்டில் பார்த்தாலும், திருத்தணிக்கோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எல்லை தாண்டி நகரிக்கோ திருப்பதிக்கோ சென்றாலும், இக்கேள்விகள் மாறுவதில்லை. நிக்காஹ் மண்டபத்தின் வாடகையையும் பிரியாணியின் விலையையும் பேரம்பேசும் நாவு, மனைவியின் உடலைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

நாற்பதாம் நாளின் பெயரால்

நம் வீடுகளில் நாற்பது குளித்துவிட்டால் பேறுகாலம் முடிந்தது. நிஃபாஸின் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் நாற்பது நாள். ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாள். இது உதிரப்போக்கும் தொழுகையும் சார்ந்த சட்டம். கிழிந்த தசை கூடிவிட்டது என்பதற்கான சான்றிதழாக இதை எந்த ஃபகீஹும் எழுதவில்லை. தசையும் நரம்பும் தேறப் பல மாதங்கள் ஆகும்.

ஆனால் நாற்பத்தோராம் நாள் குடம் இடுப்பில் ஏறுகிறது. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி வேலை காத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நின்றபடியே பார்க்கும் வேலை காத்திருக்கிறது. முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வகுத்தது. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலைபார்க்கும் பெண்ணுக்கும் வீட்டில் துணி தைக்கும் பெண்ணுக்கும் அந்த 26 வாரம் எட்டுவது எளிதாக இல்லை. அவளுக்கு விடுப்புத் தரக்கூடியவர் கணவரும் மாமியாரும்தான். அவர்களாவது தருகிறார்களா?

'பச்சை உடம்பு' என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. தண்ணீரும் காய்கறியும் குறைந்தால் மலம் இறுகும், இறுகினால் முக்கவேண்டிவரும், ஒவ்வொரு முக்கலும் தளர்ந்த தசையின்மேல் விழும் பாரம். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் மறுக்கும் பத்தியம் மருத்துவமும் ஆகாது, மார்க்கமும் ஆகாது.

தாம்பத்தியம் பற்றியும் சொல்லியாகவேண்டும். நிஃபாஸ் முடிந்தால் ஹலால் ஆகிறது. ஹலால் ஆவது வேறு. உடல் தயாராவது வேறு. தீங்கு செய்யலாகாது, பதிலுக்குத் தீங்கும் கூடாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதி. வலிக்கிறது என்று மனைவி சொன்னபின் பொறுத்திருப்பது கணவனுக்கு இபாதத்.

மருந்துச் செலவில்லாத மருத்துவம்

இந்நோய்க்கு வழி உண்டு என்பதே நம் பெண்கள் அறியாத செய்தி. ஆர்னால்ட் கெகல் என்னும் அமெரிக்க மருத்துவர் 1948இல் எடுத்துரைத்த இடுப்புத்தளப் பயிற்சி இன்றும் முதற்கட்டச் சிகிச்சையாக இருக்கிறது. கசிவு இல்லாத கர்ப்பிணிகள் முன்கூட்டியே இதைச் செய்துவந்தால், பேறுகாலத்தை நெருங்கும்போது கசிவு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

செய்யும் முறை எளிது. காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே மேல்நோக்கி இறுக்கவேண்டும். மூச்சைப் பிடிக்கக்கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது. சில நொடிகள் பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்தவேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து முறை. நாளொன்றுக்கு மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்திநிறுத்திப் பயிற்சி செய்யலாகாது. ஆபரேஷனில் பெற்றவர்களும் செய்யவேண்டும். ஆழமான கிழிசலுக்குத் தையல் போட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும். ஐவேளைத் தொழுகையை நேரம் தவறாமல் பேணும் பெண்ணுக்கு, அவற்றில் மூன்றின் பின் இதைச் சேர்த்துக்கொள்வது கடினமா?

பயிற்சியில் தீராதபோது, இறங்கிய கருப்பையைத் தாங்கும் பெஸ்ஸரி வளையம் உண்டு. அறுவை சிகிச்சையும் உண்டு. கீழே சதை தட்டுப்படுதல், மலமோ காற்றோ அடங்காமை, ஓயாத கசிவு, தாம்பத்தியத்தில் தீராத வலி ஆகிய இவற்றுள் எது இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காணவேண்டும்.

ஹயா என்பது எது?

'இதையெல்லாம் வெளிப்படையாக எழுதலாமா? ஹயா ஈமானின் ஒரு கிளையல்லவா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், கிளைதான். அந்தக் கிளையின் நிழலில் நபித்தோழியர் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நில்லாத உதிரப்போக்கு பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். நபியவர்கள் முகம் சுளிக்கவில்லை, விளக்கம் தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கம் அன்ஸாரிப் பெண்களைத் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அப்பெண்களைப் பாராட்டினார்கள். அவர்களைவிட ஹயா மிகுந்தவர்களா நாம்?

இந்த மௌனத்தின் மிகப் பெரிய இழப்பு தொழுகையில்தான் நிகழ்கிறது. உடை சுத்தமில்லை என்று அஞ்சிப் பல தாய்மார்கள் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் அறியவேண்டியது இது: ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும், உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுக்குக்கூட இடைவெளியின்றிக் கசிவு நீடித்தால், ஹனஃபி மத்ஹபில் அவள் மஃதூர் ஆகிறாள். அதன்பின் அந்நிலை நீடிக்கும்வரை ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூச் செய்து, அந்நேரம் முடியும்வரை ஃபர்ளும் நஃபிலும் தொழலாம். அந்தக் கசிவால் உளூ முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக்கொண்டு, உளூச் செய்து தாமதமின்றித் தொழவேண்டும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி உளூ. இருமும்போது மட்டும் எப்போதாவது கசிபவர் மஃதூர் ஆகமாட்டார். அவர் அவ்விடத்தைச் சுத்தம் செய்து உளூவைப் புதுப்பிக்கவேண்டும். நிற்பதாலும் குனிவதாலும் நோய் கூடுமானால் அமர்ந்து தொழலாம். மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை அவள் காதுக்குக் கொண்டுசேர்க்காதவர்கள் நாம்தான். அவரவர் மத்ஹபின் ஆலிமாவிடம் தம் நிலையைச் சொல்லித் தீர்ப்புப் பெற்றுக்கொள்ளட்டும்.

செய்யவேண்டியவை

மகளிர் மதரஸாக்களில் நிஃபாஸின் சட்டங்களோடு இடுப்புத்தளப் பயிற்சியையும், மஃதூரின் சட்டத்தோடு மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறிகளையும் சேர்த்துக் கற்பிப்போம். ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கு இருமுறையேனும் ஒரு பெண் மகப்பேற்று மருத்துவரையும் ஒரு பெண் பிசியோதெரபிஸ்டையும் அழைத்துப் பெண்களுக்கென அமர்வு நடத்தட்டும். இமாம்கள் ஜும்ஆ பயானில் கணவர்களின் கடமையைச் சொல்லட்டும். கண்ணியமான சொற்களால் சொல்லமுடியாத செய்தி எதுவும் இதில் இல்லை. மாமியார்கள் தாம் அனுபவித்து மறைத்ததை மருமகளும் மறைக்கவேண்டும் என்று எண்ணாதிருக்கட்டும்.

இனி ஒரு வீட்டில் குழந்தை பிறந்த செய்தி வந்தால், 'நார்மலா, ஆபரேஷனா?' என்ற விசாரணையை விட்டுவிடுவோம். 'தாய் எப்படி இருக்கிறாள்? எழுந்து நடக்கிறாளா? கசிவோ வலியோ இருக்கிறதா? வீட்டு வேலையை யார் பார்க்கிறார்கள்?' என்று கேட்போம். நாற்பதாம் நாளிலும் ஆறாம் மாதத்திலும் திரும்பவும் கேட்போம்.

சுமந்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் அல்லாஹ் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. அவர்கள் மறைத்துச் சுமக்கும் வலியைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தை நமக்குத் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.